பசி எடுக்கிற மாத்திரை

அக்கா விரல் நுனியில் அழுத்திப் பிடித்திருக்கும் பஞ்சையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் கடுகளவுதான் சிவப்பு இருக்கிறது, இன்னும் கொஞ்சம் ஊறியிருக்க வேண்டும், ஊசியால் குத்தினால் ரத்தம் பொட்டென்று வர வேண்டும், கல்லூரியில் ரத்ததான முகாமில் எனக்குக் குத்தியபோது அப்படித்தான் வந்தது. அக்காவுக்கு வரவில்லை. லேப்பில் இருந்த பெண் தீர்ந்துபோன பேஸ்ட் குழாயை அடியிலிருந்து உருட்டிப் பிதுக்குவதுபோல விரலைப் பிதுக்கி ஒரு சொட்டு எடுத்தாள், "கையத் தொங்கப் போடுங்கக்கா, பயந்தீங்கன்னா ரத்தம் உள்ள ஓடிக்கும்" என்றாள். அக்கா பயப்படவில்லை. அவள் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், படத்தில் ஒரு கர்ப்பிணி சிரிக்கிறாள், அவள் முன்னால் தட்டில் கீரை, முட்டை, மீன், பால், ஒரு முழு மாதுளம்பழம். பயந்தது நான்தான். இப்போதும் பயந்துகொண்டுதான் இந்தச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமை, கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள், வராண்டா முழுக்க வயிறுகள். ரத்தத்தின் அளவு ஒரு சீட்டில் எழுதப்பட்டு லேப்பிலிருந்து எதிர் அறைக்குப் போகும், அங்கே எஸ்தர் சிஸ்டர் உட்கார்ந்திருக்கிறார், அவர் கூப்பிடுவார், தெய்வானை கதிர்வேல் என்று கூப்பிடுவார், நாங்கள் எழுந்து போவோம், மாத்திரை போடறியா என்று கேட்பார். அதற்கு அக்கா ஒரு பதில் சொல்வாள். அந்தப் பதில் பொய்யாக இருக்கும், அது பொய் என்று தெரிந்த இன்னொரு ஆளாக நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். போன மாதமே எட்டு என்று வந்தது, இன்னும் கீழே போனால் உனக்கும் ஆபத்து உள்ளே இருக்கிறதற்கும் ஆபத்து என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார், ஏழாவது மாதம் நடக்கிறது, பிள்ளை அம்மாவிடமிருந்து ரத்தத்தை வாங்கிக்கொள்கிற மாதம் இதுதானாம். இருக்கிறவளிடம் வாங்கிக்கொள்ளலாம்.

நான் காலையில் பருப்பு டப்பாவைத் திறந்திருக்கக் கூடாது. திறக்காமல் இருந்திருந்தால் இந்நேரம் வெறுமனே உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பக்கத்து வீட்டுச் சின்னத்தாயக்கா ஒரு கொத்து முருங்கைக்கீரை கொடுத்தார்கள், கீரையை உருவும்போது தோன்றியது, அடியில் நாலு பருப்பு இருந்தால் சேர்த்து வேகவைக்கலாம், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் அக்கா இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று. ரத்தம் கீரை சாப்பிட்ட அரை மணி நேரத்தில் ஏறாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் பரீட்சைக்கு முந்தின நிமிஷம் வரை புத்தகத்தைப் புரட்டுகிறவள் நான், அந்தப் பழக்கம் போகவில்லை. டப்பாவைத் தூக்கினேன், கனமில்லை, ஆனால் உள்ளே ஏதோ சலசலத்தது. பருப்பு அப்படிச் சலசலக்காது. திறந்தால் மாத்திரை அட்டைகள். இரும்புச் சத்து மாத்திரை, சிவப்புச் சிவப்பாக, வெள்ளித் தாள் கிழியாமல், ஒன்றுகூடப் பிதுக்கப்படாமல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ரப்பர் பேண்டு போட்டு. போன மாதம் கொடுத்தது, அதற்கு முந்தின மாதம் கொடுத்தது. எவ்வளவு சரியான இடம். பருப்பு வாங்கி நாளாகிவிட்டது, எங்கள் வீட்டில் யாரும் அந்த டப்பாவைத் தொடுவதில்லை, மாமா தொடமாட்டார், அக்காவின் குட்டிப் பெண் தன்ஷிக்கு எட்டாது, எனக்கு அதைத் திறக்க ஒரு காரணமும் கிடையாது. பணக்காரர்கள் நகையை ஒளித்துவைக்க இடம் தேடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், எங்கள் வீட்டில் காலியாகிவிட்ட டப்பாக்கள்தான் பெட்டகம். அக்கா குளித்துவிட்டுத் தலைத் துண்டோடு வந்தாள், என் கையில் டப்பாவைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டப்பாவை வாங்கி மூடியை அமுக்கி அதே இடத்தில் வைத்துவிட்டு, "பஸ் போயிரும், வா கண்ணு" என்றாள். கீரை உருவினபடி அப்படியே கிடக்கிறது. வாடியிருக்கும்.

பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, வெளியே பார்த்தபடி, வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோலச் சொன்னாள். "அதப் போட்டா பசிக்குதுடி." எனக்கு முதலில் புரியவில்லை. வாந்தி வருகிறது, மலச்சிக்கல், கருப்பாகப் போகிறது, பிள்ளை பெரிசாகிவிடும், கறுத்துவிடும், இப்படி நூறு காரணம் நான் கேள்விப்பட்டிருக்கிறேன், அதற்கெல்லாம் என்னிடம் பதிலும் இருந்தது, டப்பாவைப் பார்த்த நிமிஷத்திலிருந்து அந்தப் பதில்களைத்தான் மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். இது அந்த நூறில் இல்லை. "போடாம இருந்தா ஒரு டம்ளர் வரட்டீயில மத்தியானம் வரைக்கும் ஓடிருது. போட்டன்னா பத்து மணிக்கே உள்ளுக்குள்ள யாரோ உக்காந்துட்டு சோத்து வட்டல்ல தட்டறாப்ல இருக்குது. ராத்திரி போட்டா தூங்க உடமாட்டீங்குது. பசிச்சுதுன்னா தின்னோணுமல்ல." தின்னோணுமல்ல என்று சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள், ஏதோ பேராசையைச் சொல்லிவிட்டதுபோல. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "சிஸ்டருகிட்டச் சொல்லீராத, என்ன. சொன்னா தெனமும் வந்து எதுக்கால நின்னு முழுங்கச் சொல்லும் அந்தம்மா. இல்லீனா புடுச்சுப் பெரியாஸ்பத்திரில போட்டுருவாங்க. கம்பெனியிலருந்து போன் வந்தா நான் எங்கிருந்து போறது?" நான் தலையாட்டினேன். ஏன் தலையாட்டினேன்? பஸ் குலுங்கியதில் தலை ஆடியது என்று வைத்துக்கொள்ளலாமா? இல்லை, நான்தான் ஆட்டினேன். அவள் கை சில்லென்று இருந்தது. வெயில் காலத்தில் ஒருத்திக்குக் கை அப்படிச் சில்லென்று இருக்கக் கூடாது.

"உங்க கம்பெனி ஓடுதாக்கா?" என்று யாரோ கேட்கிறார்கள், எங்களைத்தானோ என்று திரும்புகிறேன், இல்லை, பின் பெஞ்சில் இரண்டு பேர். "எங்க ஓடுது, நொண்டுது. வாரத்துல ரெண்டு நாளு கூப்புட்டா பெருசு." "வெளிநாட்டுக்காரன் பனியன் வாங்கறதயே நிறுத்திப்போட்டானாமா." "அப்பறம் என்னத்தப் போட்டுட்டுத் திரியறானாமா?" "பழசத் தொவச்சுப் போடறானாட்ட இருக்குது, நம்மளாட்டவே." "அடப் பாவமே, அவனுக்கும் கம்பெனி இல்லியாட்ட!" சிரிப்பு வராண்டாவில் பெஞ்சு பெஞ்சாகத் தாவுகிறது, ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதீங்க, உள்ள இருக்கறது ஒதைக்குது" என்கிறாள், அக்காவும் சிரிக்கிறாள், உதட்டுக்குள் ஈறு வெளுத்துத் தெரிகிறது. எங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிற வடநாட்டுப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை, எல்லோரும் சிரிப்பதால் அவளும் சிரிக்கிறாள், அவளும் ஏதோ கம்பெனியில்தான் இருப்பாள், அவள் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றாமலே வந்திருக்கிறாள், வேலை இல்லாத நாளிலும் மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாளோ என்னவோ. அக்காவின் மடியில் போன் இருக்கிறது, திரை மேலே பார்க்கும்படி. சூப்பர்வைசர் பெருமாளண்ணன், ஆர்டர் வந்தா நானே கூப்படறேன் தெய்வானை, போன மட்டும் கீழ வெச்சுராத என்று சொல்லி அனுப்பினாராம். மாசமாக இருக்கிறவர்களை முதலில் நிறுத்துவார்கள், கடைசியில் கூப்பிடுவார்கள், அது அவளுக்கும் தெரியும், ஆனாலும் போன முறை ஒரு நாள் கூப்பிட்டார்கள், அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு இவள் எல்லா நாளும் காத்திருக்கிறாள். சற்று முன்னால் போன் அடித்தது, பஞ்சு விழுந்ததுகூடத் தெரியாமல் எடுத்தாள், "அண்ணா, சொல்லுங்ணா" என்றாள், அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கணீரென்ற உற்சாகத்தோடு உங்கள் ரீசார்ஜ் முடியப்போகிறது என்று சொல்லிக்கொண்டே போனது. அக்கா அதை முழுசும் கேட்டாள். நடுவில் வைப்பது மரியாதை இல்லை என்பதுபோல.

அவள் செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து வருகிற துணியை விளக்குக்கு அடியில் விரித்து எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க்கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அதுதான் வேலை. சரிசெய்வது அவள் வேலை இல்லை, காட்டுவதோடு சரி, அம்பைப் பார்த்து டெய்லர் சரிசெய்வார், சரிசெய்ய முடியாதது கழிவில் போகும். பதினைந்து வயதிலிருந்து அம்பு ஒட்டுகிறாள். அம்மா இறந்த வருஷம் நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன், அப்பா அதற்கும் முன்னாலேயே போய்விட்டார், அதன் பிறகு என் பள்ளிக்கூடம், கல்லூரி, பஸ் பாஸ், இந்தச் சுடிதார் எல்லாமே அம்பு ஒட்டி வந்ததுதான். வீட்டில் எப்போதும் ஸ்டிக்கர் சுருள் ஒன்று கிடக்கும், தன்ஷி அதை எடுத்து விளையாடுவாள், சுவரில் ஒட்டுவாள், பூனைமேல் ஒட்டுவாள், போன வாரம் அக்கா படுத்திருந்தபோது அவள் வயிற்றில் ஒன்று ஒட்டி, "பாப்பா இங்க" என்றாள். அதிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம். அக்காவைப் பார்த்தால் கண்ணாலேயே அம்பு ஒட்டுகிறேன். கீழிமையின் உள்பக்கம் ஒன்று, அது ரோஜா நிறமாக இருக்க வேண்டுமாம், காகிதம்போல் இருக்கிறது. நகத்தில் ஒன்று. கணுக்காலில் செருப்பின் வார் பதிந்து மேலெழாமல் கிடக்கிற பள்ளத்தில் ஒன்று. வாசலிலிருந்து பெஞ்சுவரை நடந்ததற்கே வாயைத் திறந்து மூச்சு வாங்கினாளே, அந்த மூச்சில் எங்கே ஒட்டுவது? ஒட்டி யாரிடம் கொடுப்பது? எஸ்தர் சிஸ்டரிடம் சொல்வது என்றால் அதுவும் ஒரு அம்பு ஒட்டுவதுதான், இதோ இங்கே, இந்த இடத்தில் என்று காட்டுவது. சிஸ்டர் அதைப் பார்த்து என்ன செய்வார்? எழுதிக்கொள்வார். பேரீச்சம்பழம் சாப்பிடு என்பார், ஈரல் சாப்பிடு என்பார், சொல்லும்போது அவர் முகத்தில் உண்மையான அக்கறை இருக்கும், அதுதான் எனக்குத் தாங்காது.

எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டவர்கள். இதை எப்போது கவனித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. மாமாவின் சாயப்பட்டறையில் துணி வரவில்லை, அவர் காலையில் கிளம்பி லோடு ஏற்றுகிறவர்கள் நிற்கிற முக்கில் போய் நிற்பார், திரும்பி வந்ததும், "கடையில ரெண்டு பன்னு தின்னுட்டேன், வயிறு கல்லாட்ட இருக்குது" என்பார். அக்கா, "நான் ஆக்கும்போதே தின்னுட்டேன்" என்பாள். நான், கூடப் படித்த பிரியதர்சினி வீட்டில் தோசை கொடுத்தார்கள் என்பேன். நான் பொய் சொல்லமாட்டேன் என்று கல்லூரியில் பெயர், ஒரு முறை பரீட்சையில் கூட்டல் தப்பி இரண்டு மார்க் அதிகம் போட்டுவிட்டார்கள் என்று நானே போய்ச் சொன்னேன், எல்லோரும் பைத்தியம் என்றார்கள், அந்த நான், பிரியதர்சினி வீட்டுத் தோசைக்குத் தொட்டுக்கொள்ளச் சட்னி என்ன நிறம் என்றுகூடச் சொல்கிறேன். மூன்று பேரும் ஒரே பொய்யைச் சொல்லிவிட்டு மற்ற இரண்டு பேர் சொல்வதை நம்புகிறோம். நான் மாமா பன்னு தின்றார் என்று நம்பினேன். அக்கா ஆக்கும்போதே சாப்பிட்டாள் என்றும் நம்பினேன், ஏனென்றால் அதை நம்பினால்தான் மிச்சமிருக்கிற சோற்றை நான் போட்டுக்கொள்ள முடியும். அப்படிப் போட்டுக்கொண்ட நாட்கள் உண்டு. அந்தச் சோறு யாருடையது என்று இப்போது தெரிகிறது. நடுவில் தன்ஷியை உட்காரவைத்து மூன்று பேரும் ஊட்டுவோம், அக்காவுக்கென்று கொடுத்த சத்துமாவும் அவளுக்கே உருண்டையாகப் போகிறது, அப்படியிருந்தும் அங்கன்வாடியில் எடை பார்த்தபோது போன தடவையைவிடக் குறைந்திருந்தது. பால் நிறுத்தி வரட்டீ கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து அவளுக்கு அடிக்கடி வயிறு போகிறது, சளி விடுவதில்லை. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அரைஞாணும் கொலுசும் கழட்டியாச்சல்ல டீச்சர், அந்த எடைதான் கொறஞ்சிருக்குது" என்றாள். இரண்டும் வெள்ளி, அடகுக் கடையில் இருக்கின்றன, இரண்டையும் சேர்த்தாலும் ஒரு கைப்பிடி நிலக்கடலை எடைகூட வராது. டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்கும் இப்படித்தான், சொல்லாமல் நின்றேன், இப்போது யோசித்தால் அக்கா அன்றைக்கு டீச்சருக்குப் பதில் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், அந்த ஒரு கைப்பிடி எடை அவளுக்குத் தேவையாக இருந்தது.

நான் பொருளாதாரம் படித்தவள். பொருளாதாரப் பின்னடைவின் விளைவுகளை விளக்குக, பத்து மதிப்பெண். எழுதியிருக்கிறேன். உற்பத்தி குறையும், வேலையின்மை பெருகும், முதலீட்டாளர் நம்பிக்கை தளரும், நுகர்வு குறையும், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு. நுகர்வு குறையும் என்று எழுதியபோது நான் என்ன நினைத்தேன்? ஒன்றும் நினைக்கவில்லை, துணைத்தலைப்பு விட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். நுகர்வு குறைவது எப்படி இருக்கும் என்றால், அக்கா தட்டில் சோறு போட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு கரண்டியைத் திரும்பச் சட்டியில் போடுகிறாள், சத்தம் வராமல் கரண்டியைச் சாய்த்துப் போடுகிறாள். அப்படித்தான் இருக்கும். படிப்பு முடிந்ததும் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் ஆபீசில் எனக்கு வேலை என்று ஆனது, அக்கா தெரு முழுக்கச் சொன்னாள், என்ற தங்கச்சி இனி ஏசி ரூமுல உக்காந்து வெள்ளைக்காரனுக்கு மெயில் போடுவா என்று. பிறகு அங்கிருந்து, நிலைமை சரியானதும் தெரிவிக்கிறோம் என்றார்கள். அவளும் போனைப் பார்க்கிறாள், நானும் போனைப் பார்க்கிறேன். நான் கடை கண்ணி என்று கேட்டுப் பார்க்காமல் இல்லை, டிகிரி முடித்த பிள்ளையா, ரெண்டு மாசத்தில் போயிருவீங்க என்கிறார்கள், கம்பெனிக் கதவில் அக்காவே வேலைக்கு நிற்கும்போது நான் போய் நின்றால் அவளுக்கு வருகிற ஒரு நாளைத்தான் எடுத்துக்கொள்வேன். ஆக நான் ஒரு வாய். படித்த வாய். நான் இல்லாவிட்டால் அந்த வீட்டில் ஒரு பங்கு அதிகம், அக்கா மாத்திரை போட்டுக்கொள்ளலாம், பசித்தால் அந்தப் பங்கைத் தின்னலாம், கணக்கு நேராக வருகிறது, எங்கே பிசகு என்று தேடுகிறேன், பிசகு கிடைக்கவில்லை. ஆனால் போவதென்றால் எங்கே போவது? போனால் இவளை யார் பெஞ்சிலிருந்து எழுப்பிவிடுவது?

சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் சிஸ்டர் மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைப்பார், வேறு ஏதோ நோய் என்று தேடுவார், நாள் போகும், உள்ளே இருக்கிறது நாள் கணக்கில் வளர்கிறது, அதற்குக் காத்திருக்கத் தெரியாது. சொன்னால் அக்கா என்னைப் பார்ப்பாள். வேறொன்றும் செய்யமாட்டாள், பார்ப்பாள். பிரசவத்தில் ரத்தம் போகும் என்று படித்தேன், நல்ல ரத்தம் உள்ளவளுக்குப் போனால் தாங்கும், இல்லாதவளுக்குக் கொஞ்சம் போனாலே, அந்த வாக்கியத்தை அங்கேயே மூடிவிட்டேன், போனைக் கவிழ்த்து வைத்தேன், ஆனால் படித்தது படித்ததுதான், இப்போது பெஞ்சில் உட்கார்ந்து அதன் மிச்சத்தை நானே எழுதுகிறேன், தன்ஷி வாசலில் நிற்கிறாள், யாரோ அவளைத் தூக்கிக்கொள்கிறார்கள், சீ, என்ன புத்தி இது. சுவரில் அந்தப் பெண் மாதுளம்பழத்தை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். பினாயில் வாடைக்கு நடுவில் எங்கிருந்தோ எண்ணெய் காய்கிற வாசம், கேட்டுக்கு வெளியே போண்டாக் கடை, எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது, அதை விழுங்க வெட்கமாக இருக்கிறது. "ரேணு," என்கிறாள் அக்கா. "என்னக்கா?" "சிஸ்டரு எடை எச்சா இருக்கோணும்னு சொல்லுச்சல்ல, நான் வரும்போது ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டுத்தான் வந்தேன், ஏறியிருக்குமா?" ஏறியிருக்கும்க்கா என்கிறேன். லேப்பிலிருந்து ஒரு கை நீண்டு சீட்டுகளை எதிர் அறை மேசையில் வைத்துவிட்டுப் போகிறது. எது அக்காவுடையது என்று இங்கிருந்து தெரியவில்லை. தெரிந்தும் என்ன.

"தெய்வானை கதிர்வேல்." அக்கா பெஞ்சின் விளிம்பைப் பிடித்து எழுந்தாள், ஒரு கணம் நின்றாள், கண்ணை மூடித் திறந்தாள், நான் முழங்கைக்குக் கீழே பிடித்துக்கொண்டேன். எஸ்தர் சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மறுபடி அக்காவைப் பார்த்தார். "ஏழு பாயிண்ட்டு. எறங்கிருச்சு தெய்வானை. ஏறறதுக்குத்தான மாசாமாசம் மாத்திரை குடுத்து அனுப்பறேன்? போடறியா இல்லியா?" "போடறனுங் சிஸ்டர்." "தெனமும்?" "தெனமுமுங்." பொய் எவ்வளவு மரியாதையாக வெளியே வருகிறது. சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்ச புள்ளதான கண்ணு, நீ பாத்துப் போட வெக்கறதில்லியா? உண்மையச் சொல்லு, போடறாளா?" அக்காவின் கை என் பிடிக்குள் இருந்தது, அது இறுகவில்லை, கிள்ளவில்லை, ஒன்றும் செய்யவில்லை, சில்லென்று இருந்தது அவ்வளவுதான். போடறாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இல்லீங்க சிஸ்டர்" என்று வந்தது, "போட்டா பசிக்குதாமுங்க." நான் எதற்கோ காத்திருந்தேன், எதற்கு என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை, யாராவது எழுந்து நிற்பார்கள் என்று, ஏதாவது ஒரு கதவு திறக்கும் என்று. சிஸ்டர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, மனசு லேசாகிவிட்ட சிரிப்பு. "அடக் கொடுமையே, இதுக்கா போடாம இருந்தே? நான் வாந்தி கீந்தின்னு நெனச்சேன். பசிச்சா நல்லதுதான சாமி! மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். அவனவன் பசி எடுக்கறதுக்கு டானிக் குடிக்கறான், உனக்குச் சும்மா எடுக்குது. பசிச்சா நல்லா வாரித் தின்னு." ரத்தக்கொதிப்பு பார்க்கிற பெண்ணும் சிரித்தாள், வரிசையில் அடுத்து நின்ற வடநாட்டுப் பெண் எப்போதும்போலச் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள். "ஆமாங் சிஸ்டர்" என்றாள். நான் இன்னும் ஏதோ சொல்ல வேண்டும், அது இல்லீங்க, அப்படி இல்லீங்க என்று, ஆனால் அடுத்த வார்த்தை எது? வீட்டில் இல்லை என்ற வார்த்தையை அக்காவின் முன்னால், இத்தனை பேர் முன்னால், அந்தச் சிரிப்பு அவள் முகத்தில் இன்னும் இருக்கும்போது எப்படிச் சொல்வது. அவள் அதை அவ்வளவு கெட்டியாக மூடி வைத்திருக்கிறாள்.

சிஸ்டர் நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இரும்பு ஊசி ஏற்றிக்கொள்ள வேண்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அக்கா சரிங் என்றாள். நாளைக்குப் போன் அடித்தால் அவள் எங்கே போவாள் என்று எனக்குத் தெரியும். பிறகு சிஸ்டர் புது அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி, டம்ளரில் தண்ணீர் ஊற்றி, "எங்கண்ணு முன்னாடிப் போடு" என்றார். அக்கா போட்டுக்கொண்டாள். "நாக்க நீட்டு." நீட்டினாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல. நாக்கும் வெளுத்துத்தான் இருந்தது. "சமத்து" என்று சிஸ்டர் அவள் கன்னத்தைத் தட்டினார், மிச்ச அட்டைகளை என் கையில் கொடுத்தார், நான் பொறுப்பாம்.

கேட்டுக்கு வெளியே வெயில். போண்டாக் கடையைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தம். அக்கா என்னைத் திட்டவில்லை, ஏன் சொன்னாய் என்று கேட்கவில்லை, முந்தானையை எடுத்து வெயிலுக்குப் போர்த்துகிற மாதிரி மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு கடையின் எதிர்ப்பக்கமாக நடந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன், காய்ச்சல்காரர் முகத்தைப் பார்ப்பதுபோல, பசி எந்த நிமிஷம் ஏறும் என்று. "என்னையே எதுக்குடி பாக்கறே?" "ஒண்ணுமில்லக்கா." கொஞ்ச தூரம் போனதும், "உனக்குப் பசிக்குதா கண்ணு?" என்றாள். "இல்லக்கா, நான் சாப்ட்டேன்." "எப்போ?" "காலையில." விடிந்ததிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பிரியவே இல்லை. அவளுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். அவள் போனை ஒரு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள். நிழலே இல்லாத பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் நின்றோம், என் கையில் மாத்திரை அட்டைகள் சலசலத்தன. மாத்திரை இந்நேரம் வயிற்றில் கரைந்துகொண்டிருக்கும். அக்கா ரோட்டைப் பார்த்தாள், பஸ் வருகிற பக்கம் பார்த்தாள், அப்புறம் கடைப் பக்கம் ஒரே ஒரு தரம் பார்த்தாள். அவள் தொண்டை மெதுவாக ஏறி இறங்கியது. ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன்.